மலைநிலத்து ஒளியும் நிழலும்

காமிராவினால் எடுக்கப்பெறும் படத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றுள் இரண்டு நம் கருத்தைக் கவர்வன. ஒரு சாரார் அதனை ஒளிப்படம் என்பர். மற்றொரு சாரார் நிழற்படம் என்பர். ஒரே பொருளுக்கு முரணான இரு பெயர்கள் அமைந்தது பிழையன்று, இரண்டும் உண்மையே. ஒளி மட்டும் இருப்பின் எஞ்சுவது வெற்றுத் தாள். நிழல் மட்டும் இருப்பின் எஞ்சுவது கரிய தாள். இரண்டும் தத்தம் அளவில் நிற்கும்போதுதான் உருவம் பிறக்கின்றது. அவ்வளவைக் காத்தல் எங்கும் எளிதன்று. மலைநிலத்திலோ மிகவும் அரிது. அங்ஙனம் அரிதாதற்குக் காரணம் யாது, முன்னோர் அவ்வருமையை எவ்வாறு எதிர்கொண்டனர், இன்று நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை யாம் அறிந்த அளவில் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கண்ணும் கருவியும்

நீலகிரியில் தொட்டபெட்டாவின்மேல் விடியற்காலத்தில் நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கீழ்வானத்து முகில்கள் பொன்னாய் ஒளிர்கின்றன. அடியிலுள்ள பள்ளத்தாக்கில் சோலைக்காடுகள் இன்னும் இருளில் கிடக்கின்றன. எனினும் அவர் இரண்டையும் காண்கின்றார். முகிலின் மடிப்பும் தெரிகின்றது, மரத்தின் கிளையும் தெரிகின்றது. அவரே காமிராவை எடுத்து ஒரு படம் பிடிப்பாராயின், முகில் வெறும் வெள்ளையாகவோ காடு வெறும் கருமையாகவோ போய்விடக் காண்பார். கண்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என வருந்துவார்.

இதன் காரணம் எளிது. கண் ஒரு காட்சியை ஒரே பார்வையில் கொள்வதில்லை. ஒளியைப் பார்க்குங்கால் பாவை சுருங்குகின்றது. இருளைப் பார்க்குங்கால் விரிகின்றது. விழித்திரையும் அவ்வவ்விடத்திற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கின்றது. இவ்வாறு பலகாற் பார்த்தவற்றையெல்லாம் உள்ளம் ஒன்றாய்த் தைத்து ஒரு காட்சியாக்கித் தருகின்றது. காமிராவுக்கு அத்தகைய உள்ளம் இல்லை. அது ஒரு நொடியில் ஓர் அளவுக்கே கதவைத் திறந்து மூடுகின்றது. முகிலுக்கேற்ற அளவு காட்டிற்குப் போதாது; காட்டிற்கேற்ற அளவு முகிலுக்கு மிகையாம்.

வேற்றுமையை எண்ணாற் கூறின் இன்னும் தெளிவாம். ஒளி இருமடங்காதலை நிழற்படக்காரர் ஒரு ஸ்டாப் என்பர். யாம் அதனைப் படி என்போம். ஒரு படி ஏறினால் இருமடங்கு, இரண்டு படி ஏறினால் நான்கு மடங்கு, பத்துப் படி ஏறினால் 1,024 மடங்கு. வெயில் படும் வெண்முகிலுக்கும் அடர்ந்த காட்டின் அடிநிழலுக்கும் இடையே 12 படிக்கு மேலும் வேற்றுமை இருத்தல் கூடும். ஞாயிறே படத்தினுள் நிற்குமாயின் கணக்கு மேலும் ஏறும். வண்ண ஸ்லைடு பிலிம் ஏறத்தாழ 5 அல்லது 6 படிகளையே தாங்கும். கறுப்பு வெள்ளை நெகடிவ் 10 படிகளையும் சிறிது கடந்து செல்லும். இக்காலத்து நல்ல டிஜிட்டல் காமிரா 12 முதல் 14 படிகள் வரை பற்றும். ஆனால் காகிதத்தில் அச்சிடும் படத்தின் தூய வெண்மைக்கும் ஆழ்ந்த கருமைக்கும் இடையே உள்ளவை 6 அல்லது 7 படிகளே. ஆகவே காமிரா முழுவதையும் பற்றினாலும் தாள் முழுவதையும் தாங்காது. மலையைத் தாளில் அடக்குவோன் எதையேனும் சுருக்கியோ விடுத்தோ தீரவேண்டும். இஃது இக்கலையின் தொடக்கத்திலிருந்தே உள்ள கட்டாயமாகும்.

மலையொளியின் இயல்பு

அடையாற்றில் வாழும் நமக்கு வெயிலைப்பற்றிப் பிறர் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஆயினும் நம் வெயிலும் மலைவெயிலும் ஒன்றல்ல. நம் ஊர் கடலை ஒட்டிக் கிடப்பது. கடலின் ஈரமும் நகரத்தின் தூசியும் கலந்த காற்று ஞாயிற்றின் ஒளியை நாற்புறமும் சிதறச் செய்கின்றது. அச்சிதறிய ஒளி மரத்தடியிலும் சுவரோரத்திலும் புகுந்து நிழலை ஓரளவு நிரப்பிவிடுகின்றது. கானல் படர்ந்த நண்பகலில் அடையாற்று முகத்துவாரத்தில் நின்று நோக்கின், வானம் நீலமாய்த் தோன்றாது வெளுத்துத் தோன்றுவது இதனாலேயாம்.

மலையிலோ நிலை வேறு. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அங்கு நிற்பவருக்குக் காற்று மண்டலத்தின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு காலடியிலேயே தங்கிவிடுகின்றது. எஞ்சிய காற்றிலும் தூசியும் ஈரமும் குறைவு. ஆதலின் தெளிந்த நாளில் நேர்வெயில் கடுமையாகின்றது, வானம் ஆழ்நீலமாகின்றது, நிழலை நிரப்பும் சிதறொளி குறைகின்றது. உள்ள சிறிதளவு ஒளியும் நீலவானத்தினின்று வருவதாகலின் நிழல் நீலச்சாயல் பெறுகின்றது. நிலத்தின் அமைப்பும் இதற்குத் துணைசெய்கின்றது. மலையின் ஒரு பக்கம் வெயிலில் நனைய மறுபக்கம் தன் நிழலிலேயே ஒடுங்குகின்றது. ஆழ்ந்த பள்ளத்தில் நிற்பவருக்கு வானத்தின் பாதியும் மறைந்துவிடுவதால் மேலிருந்து வரும் ஒளியும் பாதியாகின்றது. வெண்முகிலும் மூடுபனியும் ஒருபுறம். கருமை கலந்த பச்சையுடைய சோலை ஒருபுறம். இவ்வாறு காற்றும் நிலமும் நிறமும் ஒருங்கே கூடி ஒளிக்கும் நிழலுக்கும் இடையே பெரும்பிளவை உண்டாக்குகின்றன.

தமிழ் பயில்வார்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வாராதிராது. அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாய் வகுத்த தொல்காப்பியர், முதற்பொருளாவது நிலமும் பொழுதும் என்றார். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். நிழற்படக்காரனுக்கு யாமத்தில் வேலை குறைவு. ஆனால் மற்ற இரு பருவங்களும் அவனுக்கும் உரியனவே. ஐப்பசி, கார்த்திகை ஆகிய கூதிர்த் திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றின் முகில் மலையைப் போர்த்து ஒளியை மென்மையாக்குகின்றது. அப்பொழுது நிழலின் கருமை குறையும். மார்கழி, தை ஆகிய முன்பனித் திங்கள்களில் காற்றுத் தெளிந்து, ஞாயிறு தென்பாற் சாய்ந்து செல்லுதலின், சாய்வொளி மலையின் மடிப்புக்களைச் செதுக்கிக் காட்டுகின்றது. நிலம் மட்டும் அறிந்து பொழுது அறியாதவன் பாடும் குறிஞ்சிப் பாட்டு எவ்வாறு குறையுடையதாமோ, அவ்வாறே பொழுதறியாதவன் எடுக்கும் மலைப்படமும் குறையுடையதாம்.

முன்னோர் செய்தவை

நம் மாகாணத்திலேயே இவ்வருமையோடு போராடிய ஒருவர் உண்டு. அவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்ப் படமெடுத்தவர். 1856இல் சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். அக்காலச் சேலம் மாவட்டத்து ராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, மதுரைக்கு அணித்தான யானைமலை முதலியவற்றை அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாய் வெளிவந்தன. யானைமலையின் மொட்டைப் பாறையும் அதன்மேல் அகன்ற வெறுவானமும் இன்றும் அப்படங்களிற் காணலாம்.

அவர் கையாண்டது மெழுகேற்றிய காகித நெகடிவ். அதில் பூசிய வெள்ளி உப்பு நீலவொளியையே மிகுதியாய் உணரும். பச்சையையும் சிவப்பையும் உணருவது மிகக் குறைவு. இதனால் வந்த கேடு யாதெனின், நீலவானம் அளவுக்கு மிஞ்சி வெளுத்து முகிலெல்லாம் அதனுள் கரைந்துபோம். செம்மண்ணும் மரங்களும் இயல்பினும் கறுத்துப்போம். மலைநிலத்தில் முன்னரே உள்ள பிளவைக் கருவி மேலும் அகலமாக்கிற்று எனலாம். டிரைப் என்ன செய்தார்? நெகடிவின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டினார். வண்ணம் படிந்த இடம் ஒளியைத் தடுக்கும். அச்சிடுங்கால் அவ்விடம் வெண்முகிலாய்த் தோன்றும். அவருடைய படங்கள் பலவற்றில் காணும் முகில்கள் வானத்தில் மிதந்தவையல்ல. அவர் கையால் மிதக்கவிட்டவை. 1859இல் ஆளுநராய் வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் சிக்கனம் கருதி இவ்வேலையை நிறுத்தினார்; டிரைப்பின் பணியும் அத்துடன் ஓய்ந்தது.

அதே காலத்தில் பிரெஞ்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே என்பார் வேறொரு வழி கண்டார். 1856, 1857ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த கடற்காட்சிகளில், கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்திற்கு ஒரு நெகடிவும் தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். 1863இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், ஈரக் கண்ணாடித் தகடுகளையும் இருட்டுக் கூடாரத்தையும் சுமையாட்களைக்கொண்டு தூக்குவித்து இமயத்தில் ஏறினார். 1866இல் மணிருங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் படமெடுத்தார். பனியும் பாறையும் கலந்த அவ்விடத்தினும் ஒளியின் கடுமை மிக்க இடம் அரிது.

பின்னர் விஞ்ஞானம் துணைக்கு வந்தது. 1873இல் ஜெர்மானியராகிய ஹெர்மன் வோகல், சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் எனக் கண்டார். 1906இல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அதன்பின் நிறக்கண்ணாடிகளால் வானத்தை வேண்டியவாறு கருமையாக்குதல் இயன்றது. 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், அரைக்குமிழ் மலையின் பாறைமுகத்தை ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த படம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. முதலில் மஞ்சட் கண்ணாடியிட்டு எடுத்தார். தம் உள்ளத்தில் எழுந்த காட்சி அதில் வாராதென உணர்ந்து, எஞ்சிய தகட்டில் செங்கண்ணாடியிட்டு எடுத்தார். வானம் ஏறத்தாழக் கருமையாக, பாறை அதன்முன் ஓங்கி நின்றது. இவரே பிரெட் ஆர்ச்சர் என்பாருடன் கூடி 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், கருமை முதல் வெண்மை வரை உள்ள சாயல்களைப் பதினொரு மண்டலங்களாய்ப் பகுத்து ஒரு முறை வகுத்தார். காட்சியில் எவ்விடம் எம்மண்டலத்தில் விழவேண்டும் என்பதைப் படம் எடுக்குமுன்பே தீர்மானிப்பதே அம்முறையின் சாரம்.

செய்முறை

இனி இக்காலத்தார் கைக்கொள்ளத்தக்க முறைகளைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, அளத்தல். காமிராவின் ஒளிமானி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கருதும் இயல்புடையது. மூடுபனியைக் காட்டினாலும் சாம்பல் என்னும். கரும்பாறையைக் காட்டினாலும் சாம்பல் என்னும். ஆகவே அது சொல்வதை அப்படியே நம்பலாகாது. மூடுபனி நிறைந்த காட்சிக்கு ஏறத்தாழ ஒரு படியும், வெயில் படும் உறைபனிக்கு ஒன்றரை முதல் இரண்டு படியும் கூட்டல் வேண்டும். இருண்ட காட்டிற்குக் குறைத்தல் வேண்டும். சிற்றிடத்தை மட்டும் அளக்கும் வசதியிருப்பின், மிக ஒளிர்ந்த இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் தனித்தனியே அளந்து இடையே எத்தனை படி என எண்ணுதல் நன்று. எண்ணியபின்னரே நம் கருவி அதனைத் தாங்குமா தாங்காதா என்பது விளங்கும்.

இரண்டாவது, காத்தல். இதில் பிலிமுக்கும் டிஜிட்டலுக்கும் விதி நேர்மாறானது. நெகடிவ் பிலிமில் நிழலுக்கு ஒளி போதாதாயின் அங்கு ஒன்றும் பதியாது. ஆகையால் நிழலுக்கேற்ப ஒளியூட்டி, வெண்மையைக் கழுவுதலில் அடக்குவர். டிஜிட்டலில் வெண்மை எல்லை கடந்தால் அங்கு ஒன்றும் எஞ்சாது; எவ்வித வித்தையாலும் அது மீளாது. நிழலிலோ சிறிது மறைந்து கிடப்பதைப் பின்னர் ஓரளவு வெளிக்கொணரலாம். ஆகையால் முகிலுக்கேற்ப ஒளியூட்டுவதே இதில் அறிவுடைமை. கருவி தரும் மூலக் கோப்பைச் சுருக்காது வைத்துக்கொள்ளுதலும் இதற்கு இன்றியமையாதது.

மூன்றாவது, தடுத்தல். மேற்பாதி மங்கலும் கீழ்ப்பாதி தெளிவுமாக அமைந்த கண்ணாடியை லென்சின்முன் வைத்தால், வானத்தின் ஒளி இரண்டு மூன்று படி குறையும். நிலத்தின் ஒளி குறையாது. தொடுவானம் நேராயுள்ள கடற்கரைக்கு இது மிகப் பொருந்தும். மலைமுகடோ வானத்தினுள் புகுந்து நிற்பது. ஆகையால் முகடும் சேர்ந்து கறுத்துவிடாதபடி, மங்கலின் விளிம்பு மெல்ல மறையும் கண்ணாடியையே தேர்தல் வேண்டும்.

நான்காவது, அடுக்குதல். காமிராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, முகிலுக்கு ஒன்று, நடுநிலத்திற்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என மூன்று படங்களை உடனுக்குடன் எடுத்துப் பின்னர்க் கணினியில் இணைக்கலாம். இது லெ கிரேயின் பழைய முறையின் வழிவந்ததே. காற்றில் அசையும் புல்லும் ஓடும் முகிலும் மூன்றிலும் ஒத்து நில்லா. ஆதலின் காற்றடங்கிய வேளையே இதற்குத் தகும்.

ஐந்தாவது, காத்திருத்தல். இதுவே செலவற்றதும் சிறந்ததும் ஆகும். ஞாயிறு எழுதற்குச் சிறிது முன்னும், மெல்லிய முகில் ஒன்று ஞாயிற்றை மூடும் பொழுதும், மழை ஓய்ந்த உடனும், பன்னிரண்டு படியாயிருந்த வேற்றுமை தானாகவே சுருங்குகின்றது. கண்ணாடியாலும் கணினியாலும் அரிதிற் செய்வதைப் பொழுது எளிதிற் செய்து தருகின்றது.

மலைக்குப் போகுமுன் இவற்றையெல்லாம் அடையாற்றிலேயே பயிலலாம். பெரிய ஆலமரம் ஒன்றன் அடியிலே நின்று வெளியே உள்ள வெயில் நிலத்தை நோக்குவோமாயின், பள்ளத்தாக்கினின்று முகட்டை நோக்கும் அதே சிக்கல் நம்முன் நிற்கும். எலியட்ஸ் கடற்கரையில், 1930இல் பிறரைக் காக்கப் புகுந்து கடலில் உயிர்நீத்த டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் வெண்ணிற நினைவுமண்டபம் உள்ளது. அதன் வெயில் படும் சுவரையும் உள்நிழலையும் ஒரே படத்தில் காக்க முயல்வது பனிமுகட்டிற்கேற்ற பயிற்சியாம். பரங்கிமலையோ நமக்கு அண்மையிலுள்ள குன்று. உயரம் ஏறத்தாழ 300 அடியே. ஆயினும் அதன் உச்சியிலுள்ள வெள்ளைக் கோவிலும் சரிவின் மரநிழலும் பெருமலையின் சிக்கலைச் சிற்றுருவிற் காட்டுவன. காலையில் நம் பக்கத்தினின்று நோக்கின் ஞாயிறு நமக்குப் பின்னின்று குன்றின் முகத்தை விளக்கும். மாலையில் குன்றின் பின்னே இறங்கி அதனை வெறும் நிழலுருவாக்கும். ஒரே நிலம் பொழுதினால் இரண்டாதலை ஒருநாளிற் கண்டறியலாம்.

எதனை விடுவது?

இவ்வளவும் கருவியைப்பற்றிய செய்தி. இதற்குமேல் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. தாள் எல்லாவற்றையும் தாங்காது என்று முன்னர்க் கூறினோம். ஆயின் எதனைக் காப்பது, எதனை விடுவது? அதனை முடிவு செய்வது காமிராவன்று, எடுப்பவனே.

மலையைப் படமெடுப்போர் பெரும்பாலும் முகட்டையே காக்கின்றனர். வானத்தின் செந்நிறமும் முகிலின் மடிப்பும் குறைவின்றி விளங்க, அடிவாரம் கரிய திரளாய் அமிழ்ந்துபோகின்றது. அக்கருமையினுள் என்ன இருந்தது? நீலகிரியாயின், புல்வெளியின் ஓரத்தில் தோதவரது மந்து இருந்திருக்கலாம். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வாழும் நீண்ட லயங்கள் இருந்திருக்கலாம். விடியுமுன் அடுப்பு மூட்டிய ஒரு வீட்டின் புகை இருந்திருக்கலாம். படத்தைக் காண்பவர், இம்மலையில் மாந்தர் எவரும் இலர் எனக் கொண்டு செல்வர். இலக்கணத்தின் சொல்லாற் கூறின், முதற்பொருளைக் காக்கும் ஆர்வத்தில் கருப்பொருளை இழந்துவிட்டோம். பாட்டில் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது நூலோர் கொள்கை. நிழற்படத்திற்கும் இது பொருந்தும் என்பது எம் கருத்து. சில படங்களில் கருமை தக்கதே. முகட்டின் தனிமையே அங்கு உரிப்பொருளாயின் அடிவாரம் இருளட்டும். ஆனால் அவ்விருள் எண்ணிச் செய்ததாதல் வேண்டும். கருவியின் இயலாமையால் நேர்ந்ததாகலாகாது.

இதற்கு எதிரான குற்றமும் ஒன்று உண்டு. கணினியின் வலிமை கொண்டு எல்லா நிழலையும் வெளுக்கச் செய்து, எல்லா ஒளியையும் தாழ்த்தி, எங்கும் ஒரே மட்டமாய்ப் பரப்புவோர் இன்று பலர். அதில் எல்லாம் தெரியும். ஆனால் மலை தெரியாது. விடியற்காலத்தில் இருண்டிருந்த பள்ளத்தாக்கு நண்பகல்போல் ஒளிருமாயின் அது பொழுதைப் பொய்யாக்குவதாம். டிரைப் தீட்டிய முகிலையும் இவ்வளவுகோலாலேயே அளக்கலாம். அவருடைய தகடு முகிலைக் காண மறுத்தது. அக்குறையைக் கையால் நிரப்பினார். அவர் உழைப்பை இகழ்தல் தகாது. எனினும் அம்முகில் அந்நிலத்தில் அப்பொழுதில் நின்றதன்று. அதே இடத்தில் அதே வேளையில் எடுத்த மூன்று படங்களை இணைப்பதோ நிலத்தையும் பொழுதையும் மாற்றுவதில்லை. கண் செய்வதைக் கருவிக்கும் செய்துதருகின்றது. ஆகவே எம்முறையைக் கைக்கொண்டாலும், நிலமும் பொழுதும் மெய்யாய் நிற்கின்றனவா என்று நம்மையே வினவிக்கொள்வோமாயின் வழி தவறோம்.

நம் மாணவ நண்பர்களுள் பலர் விடுமுறையில் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்கின்றனர்; இன்று காமிரா இல்லாத சட்டைப்பை அரிது. முகட்டில் ஏறியவுடன் விரலை அழுத்துமுன் சிறிது நின்று, மிக ஒளிர்ந்த இடம் எது, மிக இருண்ட இடம் எது, அவ்விருளுள் வாழ்வோர் யாவர் என நோக்குவாராக. பின்னர் எதனை விட்டாலும் அறிந்தே விடுவர்.